மூச்சு வீதச் சோதனை எங்கே சறுக்குகிறது? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

நிறுத்துகடிகாரம் ஒன்று, 5 லிட்டர் குடிநீர் பாட்டில் ஒன்று, அகலமான தொட்டி, ஒரு மீட்டர் ரப்பர் குழாய், மூச்சு விட ஓர் ஆள். மனிதரின் மூச்சு வீதத்தையும் ஆழத்தையும் அளக்கும் வகுப்பறைச் சோதனைக்கு இவ்வளவுதான் சாமான். வீதத்தைக் கடிகாரம் வைத்து எண்ணுவோம். ஆழத்துக்கு, தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தொட்டி நீருக்குள் கவிழ்த்து, குழாய் வழியாக அதற்குள் மூச்சு விட்டு, உள்ளே சேரும் காற்றை அளப்போம். சாமான் குறைவு என்பதால் சோதனையும் சுலபம் என்று நினைத்துவிடுகிறார்கள். சிங்கப்பூரில் உயர்நிலை 2 (13, 14 வயது) மாணவர்கள் ஆய்வுக்கூடத்துக்குள் வந்து அரை மணி நேரம் ஆவதற்குள் பாதி மேசைகளில் கை உயரும்: "சார், எங்க நம்பர் தப்பா வருது."

ஆய்வுக்கூடத்தில் ஆசிரியருக்குத் துணையாக நிற்பது என் வேலை. கை தூக்கிய மேசைகளுக்குப் போய்ப் பார்த்த வரையில், கருவி கெட்டுப்போய்ப் பிழை வருவது அபூர்வம். தன் மூச்சை எண்ணுகிறார்கள் என்று தெரிந்ததுமே பிள்ளை அதை மாற்றிக்கொள்கிறது. இல்லையென்றால், வீதத்தை மட்டும் எண்ணிவிட்டு ஆழத்தைக் கைவிட்டுவிடுகிறார்கள். கீழே உள்ள அறிகுறிகளில் முக்கால்வாசி இந்த இரண்டில் ஒன்றில்தான் போய் முடியும். வீட்டில் பிள்ளையோடு உட்கார்ந்து இதைச் செய்து பார்க்கும் பெற்றோரும் இதே வரிசையில் பார்க்கலாம்.

ஒப்பிடுவதற்கு ஓர் அளவு கையில் இருக்கட்டும். ஓய்வாக உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். ஒரு தடவைக்கு உள்ளே போய் வெளியே வரும் காற்று, அதாவது மூச்சுக் காற்றளவு (இதைத்தான் ஆழம் என்கிறேன்), சுமார் 500 மில்லிலிட்டர். 12 முறை என்று வைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு 6 லிட்டர். 13, 14 வயதில் வீதம் கொஞ்சம் கூடுதலாகவும் ஆழம் கொஞ்சம் குறைவாகவும் இருப்பது இயல்பு.

## ஓய்வு வீதம் 7, 8 என்று வருகிறது

இதயத் துடிப்பை நாம் நினைத்தபடி நிறுத்த முடியாது. மூச்சு அப்படியில்லை. மூளையின் அடித்தண்டில் உள்ள முகுளம் தானாக ஓட்டிக்கொண்டிருக்கும் வேலையை, கவனம் அதன் மேல் விழுந்த மாத்திரத்தில் பெருமூளை கையில் எடுத்துக்கொள்ளும். "ரெடியா? இப்ப எண்ணப் போறேன்" என்று கூட்டாளி கடிகாரத்தைத் தூக்கியதும், எதிரில் இருப்பவன் முதுகை நிமிர்த்தி, நீளமாக இழுத்து, ஒரு கணம் பிடித்து, மெதுவாக விடுவான். நிமிடத்துக்கு 7. எண்ணியதில் தப்பே இல்லை, எண்ணப்பட்டது அவனுடைய வழக்கமான மூச்சு இல்லை, அவ்வளவுதான்.

மருத்துவமனையில் தாதியர் செய்வதைக் கவனித்திருப்பீர்கள். மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்ப்பார்கள். நாடி எண்ணி முடிந்த பிறகும் விரலை எடுக்காமல், நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருப்பார்கள். நோயாளிக்குத் தெரியாது. வகுப்பிலும் இதுவே நல்ல வழி. "முதல்ல நாடி எடுப்போம்" என்று சொல்லிவிட்டு, மூன்றாவது மாணவர் ஒருவர் பக்கவாட்டில் இருந்து மூச்சை எண்ணட்டும். எண்ணி முடித்ததும் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். அந்த ஏமாற்று வேலை பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும், பாடத்தில் பாதி அதிலேயே புரிந்துவிடும்.

சட்டை தொளதொளவென்று இருந்தால் நெஞ்சு அசைவது தெரியாது. முகத்துக்கு நேரே நின்று பார்க்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். சட்டைப் பைக்கு மேலே குத்தியிருக்கும் பெயர்ப்பட்டையின் மேல் விளிம்பை, பின்னால் இருக்கும் ஜன்னல் சட்டத்தோடு சேர்த்துப் பாருங்கள். பட்டை சில மில்லிமீட்டர் ஏறி இறங்குவதுகூடத் தெளிவாகத் தெரியும். அதுவும் தெரியவில்லை என்றால் முதுகில், தோள்பட்டை எலும்புக்குக் கீழே, உள்ளங்கையை லேசாக வைக்கச் சொல்லலாம். ஆனால் கை பட்டதும் மூச்சின் மேல் கவனம் திரும்பிவிடும், அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

## ஓய்வு வீதம் 30-ஐத் தாண்டுகிறது

எண்ணுபவரை வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள். உள்ளே இழுத்தால் ஒன்று, வெளியே விட்டால் இரண்டு என்று போகிறாரா? அப்படியானால் விடையைப் பாதியாக்கினால் போதும். இழுத்து விட்டது இரண்டும் சேர்ந்துதான் ஒரு மூச்சு.

அதில் தவறில்லை என்றால் கால அட்டவணையைப் பாருங்கள். இடைவேளை முடிந்து கேண்டீனிலிருந்து நாலாவது மாடிக்குப் படியேறி வந்த வகுப்புக்கு ஓய்வு வீதம் என்று ஒன்று அந்த நேரத்தில் கிடையாது. வெளியே 31, 32 டிகிரி வெயில் வேறு. ஐந்து நிமிடம் சும்மா உட்காரவைத்து, வருகைப்பதிவு எடுத்து, வெப்பநிலையைக் குறிக்கச் சொல்லி, அப்புறம் தொடங்குங்கள். எதிரெதிரே உட்கார்ந்தால் சிரிப்பு வரும். சிரிப்பும் பேச்சும் மூச்சை உடைத்துவிடும், அருகருகே உட்கார வையுங்கள்.

## வகுப்பு முழுவதும் 12, 16, 20 மட்டுமே வருகிறது

பலகையில் எழுதிய எண்கள் எல்லாம் நாலின் மடங்குகளாக இருந்தால், 15 வினாடி எண்ணி நாலால் பெருக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். நிமிடத்துக்கு 15 முறை மூச்சு விடுபவர் 4 வினாடிக்கு ஒரு மூச்சு விடுகிறார். 15 வினாடியில் மூன்றே முக்கால் மூச்சு. எண்ணுபவர் அதை 3 என்றோ 4 என்றோதான் சொல்ல முடியும். 12 அல்லது 16. உண்மையான 15 அந்தப் பலகையில் வரவே வராது.

முழு நிமிடம் எண்ணலாம், ஆனால் அதற்குள் பிள்ளைக்குச் சந்தேகம் வந்துவிடும். தலைகீழாகச் செய்வது நல்லது: நேரத்தை நிர்ணயித்து மூச்சை எண்ணாமல், மூச்சை நிர்ணயித்து நேரத்தை அளங்கள். நெஞ்சு உச்சிக்கு ஏறும் கணத்தில் கடிகாரத்தை அழுத்தி அதைச் 'சுழி' என்று எண்ணத் தொடங்குங்கள். பத்தாவது முறை உச்சிக்கு வரும்போது நிறுத்துங்கள். 600-ஐ வினாடிகளால் வகுத்தால் வீதம். 38 வினாடி ஆனால் 15.8. முதல் உச்சியை 'ஒன்று' என்று எண்ணிவிட்டால் பத்துக்குப் பதில் ஒன்பது மூச்சுதான் அளந்திருப்பீர்கள், வீதம் பத்தில் ஒரு பங்குக்கும் மேலே தப்பாக ஏறும். இந்த ஒரு தவறை வருடா வருடம் பார்க்கிறேன்.

## உடற்பயிற்சிக்குப் பிறகும் வீதம் ஏறவே இல்லை

இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இது பிழையாகவும் இருக்கலாம், சரியான விடையாகவும் இருக்கலாம்.

முதலில் பிழையைப் பார்ப்போம். படி ஏறி இறங்கும் பயிற்சி முடிந்து, நாற்காலியைத் தேடி, உட்கார்ந்து, கடிகாரத்தைச் சுழிக்குக் கொண்டுவந்து, "சரி, ஸ்டார்ட்" என்பதற்குள் அரை நிமிடம் போய்விடும். மிதமான பயிற்சிக்குப் பிறகு மூச்சு முதல் நிமிடத்திலேயே வேகமாக இறங்கிவிடும். கடிகாரம் பயிற்சி நடக்கும்போதே கையில் தயாராக இருக்க வேண்டும். பத்து மூச்சும் இங்கே வேண்டாம், ஐந்து போதும். வீதம் மாறிக்கொண்டே இருக்கும்போது நீண்ட நேரம் எண்ணினால் உச்சமும் சரிவும் கலந்து ஒரு சராசரிதான் மிஞ்சும். ஐந்து மூச்சுக்கு 9 வினாடி என்றால் நிமிடத்துக்கு 33. அரை நிமிடத்துக்கு ஒருமுறை இப்படியே எடுத்துப் போனால் சரிவு முழுவதும் ஒரு வரைபடமாகக் கிடைக்கும்.

நேரமெல்லாம் சரியாக இருந்தும் வீதம் 15-லிருந்து 20-க்குத்தான் போகிறதா? அப்படியானால் ஆழத்தைப் பாருங்கள். லேசான உழைப்பில் உடல் முதலில் ஆழத்தைத்தான் கூட்டும். உழைப்பு கடுமையாகும்போதுதான் வீதம் தாவும். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு: பயிற்சிக்கு முன் 15 மூச்சு, ஒவ்வொன்றும் 400 மில்லிலிட்டர், மொத்தம் 6 லிட்டர். பயிற்சிக்குப் பின் 20 மூச்சு, ஒவ்வொன்றும் 900 மில்லிலிட்டர், மொத்தம் 18 லிட்டர். வீதம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது, காற்றோ மூன்று மடங்கு. வீதத்தை மட்டும் எழுதிய மாணவர் "பெரிய மாற்றம் இல்லை" என்று முடிவு எழுதிவிடுவார்.

உடல் ஏன் ஆழத்தை முதலில் கூட்டுகிறது என்று யாராவது கேட்டால் (கேட்கும் பிள்ளை ஒன்று எப்போதும் இருக்கும்), மூக்கிலிருந்து நுண்குழல்கள் வரையிலான பாதையைச் சொல்லுங்கள். பெரியவருக்கு அந்தப் பாதையில் மட்டும் சுமார் 150 மில்லிலிட்டர் காற்று நிற்கும். அது, ஆக்சிஜன் இரத்தத்தில் கலக்கும் இடமான காற்றுப்பைக்குப் போய்ச் சேராமலேயே திரும்பி வரும். 500 மில்லிலிட்டர் மூச்சில் 350 பயனுள்ளது. நிமிடத்துக்கு 12 முறை என்றால் 4.2 லிட்டர். அதே 6 லிட்டரை 24 மூச்சாக, தலைக்கு 250 மில்லிலிட்டராக விட்டால் ஒவ்வொன்றிலும் 100 தான் உள்ளே சேரும், மொத்தம் 2.4 லிட்டர். பெருக்கல் விடை ஒன்றுதான், காற்றுப்பைக்குக் கிடைத்தது ஏறத்தாழப் பாதி. "வேகமாக மூச்சு விட்டால் நிறைய ஆக்சிஜன்" என்று தேர்வில் எழுதும் பிள்ளைக்கு இந்த ஒரு கணக்கு போதும்.

## வாயை எடுத்த பிறகும் பாட்டில் தானே காற்றை இழுக்கிறது

தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்த பாட்டிலுக்குள் குழாயை உயரமாகச் செருகியிருப்பார்கள். தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே, பாட்டிலுக்குள் இருக்கும் அழுத்தம் வெளிக் காற்றழுத்தத்தைவிடக் குறைவு. குழாயின் முனை அங்கே இருந்தால், மறுமுனையை யாரும் ஊதாமலேயே காற்று உள்ளே ஏறும், குமிழி குடுகுடுவென்று ஓடும், பாட்டிலில் தண்ணீர் இறங்கும். அளந்தது யாருடைய மூச்சும் இல்லை.

நேர்மாறான தவறும் உண்டு. குழாய் முனையைத் தொட்டியின் அடியில் ஆழமாக அழுத்திப் பிடித்தால், 15 சென்டிமீட்டர் நீரைத் தள்ளித்தான் மூச்சு வெளியே போக வேண்டும். அமைதியான மூச்சால் அது முடியாது, பிள்ளை கன்னம் உப்ப ஊதத் தொடங்கும். குழாய் முனை பாட்டிலின் கழுத்துக்குள், தொட்டியின் நீர்மட்டத்தை ஒட்டி இருக்கட்டும். அப்போது அது இழுக்கவும் இழுக்காது, எதிர்க்கவும் எதிர்க்காது. ஒவ்வொரு மூச்சும் முடிந்த கையோடு குழாயை விரலால் மடித்துப் பிடித்துவிட்டால் இன்னும் பாதுகாப்பு.

## ஆழம் ஒன்றரை லிட்டர் காட்டுகிறது

ஊதியிருக்கிறார்கள். சாதாரணமாக விடச் சொன்னாலும், வாயில் குழாயைப் பார்த்ததும் பிறந்தநாள் பலூனைப் பார்த்ததுபோல்தான் பிள்ளைகள் நடந்துகொள்வார்கள். இயல்பான வெளிமூச்சு முடிந்த பிறகும் நுரையீரலில் வெளியே தள்ளக்கூடிய காற்று ஒரு லிட்டருக்கு மேல் மிச்சம் இருக்கும். அதையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறார்கள்.

ஒரே ஒரு மூச்சை அளக்காதீர்கள். மூக்கால் இயல்பாக இழுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயால் குழாய்க்குள் விட வேண்டும். குழாயை மடித்துவிட்டு, மீண்டும் மூக்கால் இழுக்க வேண்டும். இப்படி ஐந்து மூச்சு, பிறகு மொத்தத்தை ஐந்தால் வகுக்க வேண்டும். முதல் மூச்சு நாடகமாக இருக்கும், நாலாவதிலும் ஐந்தாவதிலும் சலிப்பு வந்துவிடும். இந்தச் சோதனைக்குச் சலிப்பு நல்லது. ஐந்து மூச்சு சேர்ந்தாலும் இரண்டரை லிட்டர்தான் வரும், பாட்டில் தாங்கும்.

## ஆழம் 500 வரவில்லை, 350 தான் வருகிறது

பெரும்பாலும் பிழையே இல்லை. மூச்சுக் காற்றளவு உடல் எடையோடு போகும். கிலோவுக்கு ஏறத்தாழ 7 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டால் 48 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 340 வரும். பாடநூலில் உள்ள 500 பெரியவருக்கானது. விடையைப் பாடநூலுக்குப் பொருந்தும்படி திருத்தி எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள், அதுதான் உண்மையான பிழை.

வெப்பநிலையால் வரும் குறைவு சிறியது, ஆனால் உண்டு. நுரையீரலிலிருந்து 37 டிகிரியில் ஈரத்தோடு வரும் காற்று பாட்டிலில் குளிர்ந்து சுருங்கும். தண்ணீர் 25 டிகிரியில் இருந்தால் உண்மையான அளவைப் பெற, வாசித்ததோடு சுமார் 7 சதவீதம் கூட்ட வேண்டும். 30 டிகிரி என்றால் நாலரை சதவீதம் போதும். குளிர்சாதன அறைக்கும் விசிறி மட்டும் ஓடும் அறைக்கும் இடையே வரும் சின்ன வேறுபாட்டுக்கு இது காரணமாக இருக்கலாம்.

150-க்கும் கீழே வந்தால் மட்டும் நம்பாதீர்கள். மேலே சொன்ன பாதையில் நிற்கும் காற்றுக்கே அதில் பெரும்பகுதி போய்விடும், அப்படி மூச்சு விட்டுக்கொண்டு யாரும் நிம்மதியாக உட்கார்ந்திருக்க முடியாது. மூக்கு வழியாகக் காற்று கசிகிறது, அல்லது உதட்டோரம். மூக்குக் கவ்வி இல்லையென்றால் விரல் போதும்.

## மேசைக்கு மேசை அளவு மாறுகிறது

பாட்டிலில் போட்ட கோடுகளைப் பாருங்கள். அளவுகோல் வைத்துச் சம இடைவெளியில் கோடு போட்டிருந்தால் அழித்துவிட்டு மறுபடி போடுங்கள். வரிவரியாக மடிப்பு, கைப்பிடிக் குழி, கழுத்துச் சரிவு எல்லாம் உள்ள பாட்டிலில் உயரமும் கொள்ளளவும் ஒன்றாகப் போகாது. பாட்டிலை நிமிர்த்தி வைத்து, அளவுருளையால் 250 மில்லிலிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் அழியாத மையால் கோடு போடுங்கள். கவிழ்த்த பிறகு காற்று அடிப்பாகத்தில் சேர்வதால் அதே கோடுகள் அப்படியே பொருந்தும். கவிழ்க்கும்போது நுழைந்த குமிழியின் அளவை முதலிலேயே குறித்துக் கழித்துவிடுங்கள்.

மெல்லிய பாட்டில்கள் கவிழ்த்ததும் பக்கவாட்டில் ஒடுங்கும், கோடெல்லாம் பொய்யாகிவிடும். கொஞ்சம் தடித்ததாகப் பார்த்து வாங்குங்கள். உள்ளே நீர்மட்டம் வெளியைவிடப் பத்து சென்டிமீட்டர் உயரமாக இருக்கிறதே என்று சில ஆசிரியர்கள் கவலைப்படுவார்கள். அதனால் வரும் பிழை ஒரு சதவீதம்தான். கோணல் கோட்டைத் திருத்துங்கள், அது போதும்.

## உயிர்ப்புத் திறன் ஒவ்வொரு முறையும் வேறாக வருகிறது

முடிந்த மட்டும் இழுத்து, முடிந்த மட்டும் விடும் அளவு இது. இடையில் ஒரு நிமிடம் ஓய்வு கொடுத்து மூன்று முறை செய்து, பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள், சராசரி வேண்டாம். கடைசிச் சொட்டு வரை விடுகிறாரா என்பதுதான் வேறுபாட்டுக்குக் காரணம். "இன்னும், இன்னும்" என்று பக்கத்தில் ஒருவர் கத்த வேண்டும்.

உயரமான பிள்ளைக்குக் கூடுதலாக வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். மூச்சின் அளவை அளக்கும் கருவியான ஸ்பைரோமீட்டரை உருவாக்கிய லண்டன் மருத்துவர் ஜான் ஹட்சின்சன் 2,000-க்கும் மேற்பட்டவர்களை அளந்து 1846-இல் வெளியிட்ட முடிவே அதுதான்: உயரம் ஏற ஏற உயிர்ப்புத் திறனும் ஒழுங்காக ஏறுகிறது. வகுப்பின் எண்களை எடைக்கு எதிராகவும் உயரத்துக்கு எதிராகவும் தனித்தனியே வரைந்து பார்க்கச் சொல்லுங்கள்.

## மூச்சுப் பட்டையின் வரைபடம் தட்டையாகவோ சரிந்தோ போகிறது

மார்பில் கட்டும் உணரிப் பட்டை உள்ள பள்ளிகளுக்கு இது. தட்டையாக இருந்தால் பட்டை தளர்ந்திருக்கிறது, அல்லது அக்குளுக்கு அருகே உயரமாகக் கட்டியிருக்கிறார்கள். கீழ் விலா எலும்புகளைச் சுற்றிக் கட்டுங்கள். அலை ஒழுங்காக இருந்து கோடு மட்டும் மெல்லச் சரிந்தால் பட்டை நழுவுகிறது, அல்லது பிள்ளை நாற்காலியில் சாய்ந்துகொண்டே போகிறது. பட்டை லிட்டர் காட்டாது. இறுக்கத்தின் மாற்றத்தைத்தான் காட்டும். ஒரே ஆள், ஒரே கட்டு என்றால் முன்னும் பின்னும் ஒப்பிடலாம், இருவரை ஒப்பிட முடியாது.

மூடிய ஸ்பைரோமீட்டரில், அதாவது உள்ளே இருக்கும் காற்றையே திரும்பத் திரும்ப இழுத்து விடும் கருவியில், கோடு சரிந்தால் கதை வேறு. வெளிவரும் கரியமில வாயுவைச் சோடா சுண்ணாம்பு பிடித்துக்கொள்கிறது, உடல் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது, உள்ளே காற்று குறைந்துகொண்டே வருகிறது. ஓய்வில் பெரியவருக்கு நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லிலிட்டர். அந்தச் சரிவே ஓர் அளவீடு, அதைத் திருத்தப் போகாதீர்கள்.

## தலை சுற்றுகிறது, விரல் நுனி கூசுகிறது

அளப்பதை உடனே நிறுத்துங்கள். வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு விட்டதில் கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறியிருக்கிறது. அதனால் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கித் தலை சுற்றும், இரத்தம் காரத்தன்மை பக்கம் சாய்ந்து விரல் கூசும். உட்காரவைத்து மெதுவாக மூச்சு விடச் சொன்னால் சில நிமிடத்தில் சரியாகும். காகிதப் பையை முகத்தில் வைக்க வேண்டாம். பைக்குள் மூச்சு விட்டு அதையே திரும்ப இழுக்கும் சோதனையையும் மாணவர்களிடம் விடாதீர்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு, கடிகாரம் பிடிக்கும் வேலையைக் கொடுங்கள், இன்ஹேலர் பையில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வேகமாக மூச்சு விட்ட பிறகு அதிக நேரம் மூச்சைப் பிடிக்க முடிகிறது என்று யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். மூச்சு வாங்கு என்று உந்துவது பெரும்பாலும் ஏறும் கரியமில வாயுதான். அதை முன்கூட்டியே வெளியேற்றிவிட்டால் உந்துதல் தாமதமாகும், ஆனால் ஆக்சிஜன் குறைவது நிற்காது. நீச்சல் குளத்தில் இதைச் செய்தால் எச்சரிக்கை இல்லாமலே மயக்கம் வந்து மூழ்கிவிடுவார்கள். நீச்சல் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளிடம் இதை மட்டும் சுற்றிவளைக்காமல் சொல்லுங்கள்.

## புகைமூட்ட நாள்

காற்று எவ்வளவு மாசுபட்டிருக்கிறது என்று காட்டும் பிஎஸ்ஐ குறியீட்டின் 24 மணி நேர அளவு 100-ஐத் தாண்டினால் அது ஆரோக்கியமற்ற நிலை. வெளியே படியேறும் பயிற்சி வேண்டாம், ஓய்வு அளவுகளை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தைத் தள்ளிவையுங்கள். 2013 ஜூன் 21 அன்று 3 மணி நேரக் குறியீடு 401 வரை போன ஊர் இது.

## குழாயில் வாடை வருகிறது

சென்ற வகுப்பு முடிந்ததும் ஈரத்தோடு சுருட்டி அலமாரியில் வைத்திருப்பார்கள். இந்த ஊர் ஈரப்பதத்தில் அது காயாது. சோப்பு நீரில் கழுவி, கிருமிநாசினிக் கரைசலில் ஊறவைத்து, நன்றாக அலசி, இரு முனையும் கீழே தொங்கும்படி கம்பியில் மாட்டுங்கள். வாய்ப்பகுதி ஆளுக்கொன்று. ஒருவர் வாய் வைத்ததை இன்னொருவருக்குக் கொடுக்காமல், முடிந்ததும் குப்பைத் தொட்டியில் போட்டுவிடுங்கள்.